பழைய மர ஃபிலிம் ஹோல்டரில் நாம் செய்யும் தவறுகள்

தனித்தனித் தாளாக வரும் ஃபிலிமை ஒளி படாமல் வைத்து, பெரிய கேமராவின் பின்னால் செருகும் பழைய மர ஃபிலிம் ஹோல்டர் கைக்கு வந்ததும் ஃபிலிமைப் போட்டுக்கொண்டு படம் எடுக்கக் கிளம்புவதுதான் முதல் தவறு. நானும் அப்படித்தான் கிளம்பினேன். ஒரு காலை முழுக்க நின்று எடுத்த ஆறு 4×5 அங்குல நெகட்டிவ்களில் நான்கில், ஒரு மூலையிலிருந்து விசிறி விரித்தாற்போல் கறுப்பு படர்ந்திருந்தது. மரத்தில் கீறல் இல்லை, பித்தளை பளபளத்தது, அதனால் நம்பிவிட்டேன். மேலே எப்படி இருக்கிறது என்பதை வைத்து உள்ளே ஒளி புகுமா என்று சொல்லவே முடியாது.

அதற்கும் முன்னால், கையில் இருப்பது ஃபிலிமுக்கான ஹோல்டர்தானா என்று பாருங்கள். ஆலப்புழையில் செய்த வாகீஸ்வரி மாதிரியான பழைய ஸ்டுடியோ கேமராக்களோடு வரும் ஹோல்டர்கள் பல, ஒளியுணர் பூச்சு பூசிய கண்ணாடி பிளேட்டுக்காகச் செய்தவை. ஃபிலிமின் ஓரத்தைப் பிடிக்கும் மெல்லிய காடி இல்லாமல், ஆழமான பள்ளமும் ஒரு ஸ்பிரிங்கும் மட்டும் இருந்தால் அது பிளேட் ஹோல்டர். அதில் ஃபிலிம் போட, ஷீத் என்ற மெல்லிய தகட்டு உறை வேண்டும். அளவும் ஏமாற்றும். ஹாஃப் பிளேட் என்ற பழைய அளவு 4¾×6½ அங்குலம். 5×7 ஃபிலிமை வெட்டாமல் அதில் போட முடியாது. பழைய கிராஃப்ளெக்ஸ் ரிஃப்ளெக்ஸ் கேமராவின் ஹோல்டர்களில், மேடு இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம் இருக்கும். சாதாரண 4×5 கேமராவின் பின்பக்கத்தில் அவை சரியாக உட்காராது.

சரி, ஃபிலிம் ஹோல்டர்தான் என்று உறுதியாகிவிட்டது. அடுத்தது ஆழம். அமெரிக்கத் தர அளவுப்படி 4×5 ஹோல்டரில், கேமராவைத் தொடும் முகத்திலிருந்து ஃபிலிமுக்கு அடியில் இருக்கும் தகடு வரை 0.197 அங்குலம், ஏறத்தாழ 5 மி.மீ. கூடக்குறைய 0.007 அங்குலம் வரை போகலாம். 8×10-க்கு இது 0.260, கூடக்குறைய 0.016. ஃபிலிமை மூடியிருக்கும், இழுத்தெடுக்கும் தகடான டார்க் ஸ்லைடை எடுத்துவிட்டு, மேலே ஒரு நேர்ச்சட்டத்தை வைத்து, ஆழம் அளக்கும் டெப்த் கேஜால் நான்கு மூலையிலும் நடுவிலும் அளந்து பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் அளந்துவிட்டுத் திருப்தி அடைய வேண்டாம். மரம் முறுக்கிக்கொண்டால் ஒரு மூலை மட்டும்தான் விலகும், படத்திலும் அந்த மூலை மட்டும்தான் மங்கும். நாம் பாவம் லென்ஸைச் சந்தேகித்துக்கொண்டிருப்போம்.

ஒளிக் கசிவுக்கு வருகிறேன். பெரும்பாலும் கெடுவது மூன்று இடங்கள்: டார்க் ஸ்லைடு நுழையும் வாயில் உள்ள வெல்வெட், எதிர்முனையில் திறந்து மூடும் மடிப்பின் துணிக் கீல், அப்புறம் டார்க் ஸ்லைடே. டார்க் ஸ்லைடைச் சோதிப்பது சுலபம். இருட்டறையில் அதன் பின்னால் டார்ச்சைப் பிடித்தால் ஊசித்துளைகூட நட்சத்திரம் போலத் தெரியும். மற்ற இரண்டுக்கும், படம் பிரிண்ட் போடும் ப்ரோமைடு பேப்பரை நம்புங்கள். சிவப்பு விளக்கிலேயே வெட்டிப் போடலாம், விலையும் குறைவு. இரண்டு பக்கமும் பேப்பரைப் போட்டு மூடி, வெயிலில் எல்லா ஓரமும் படும்படி திருப்பித் திருப்பி வையுங்கள். இங்கே பலர் செய்யும் தவறு, அரை நிமிடம் காட்டிவிட்டு உள்ளே எடுத்துவிடுவது. ஃபிலிமைவிட பேப்பருக்கு ஒளி உணர்வு மிகவும் குறைவு. கால் மணி நேரமாவது வெயில் பட வேண்டும்.

டெவலப் செய்ததும், கறுப்பு எங்கே இருக்கிறது என்பதே நோயைச் சொல்லிவிடும். ஸ்லைடின் கைப்பிடிப் பக்கத்திலிருந்து கீற்றாக வந்தால் வெல்வெட் தேய்ந்திருக்கிறது. எதிர்முனையில் என்றால் துணிக் கீல். நடுவில் தனிப் புள்ளி என்றால் ஸ்லைடில் துளை. பிறகு இன்னொரு பேப்பரைப் போட்டு, லென்ஸை மூடி வைத்து, கேமராவிலேயே ஸ்லைடை இழுத்து வெயிலில் சோதியுங்கள். இதில் மட்டும் கசிவு வந்தால் ஹோல்டர் சரியாக உட்காரவில்லை. எல்லா ஹோல்டரிலும் ஒரே இடத்தில் வந்தால் கேமராவின் மடிப்புத் துருத்தியான பெல்லோஸைப் பாருங்கள்.

பழுதுபார்க்கிறேன் என்று இன்சுலேஷன் டேப் ஒட்டாதீர்கள். வெயிலில் அதன் பசை கசிந்து ஃபிலிம் வரை போய்விடும். கீலுக்குப் புத்தக பைண்டிங்கில் பயன்படும் கறுப்புத் துணியே போதும். மழைக்காலத்தில் மரம் ஊதி ஸ்லைடு இறுகினால் எண்ணெய் தடவுவதும் வேண்டாம், வெயிலில் காயப்போடுவதும் வேண்டாம். காற்றோட்டமான அறையில் சில நாள் வைத்தால் தானாகவே இளகும்.

நல்ல ஹோல்டரையும் கைப்பழக்கம் கெடுத்துவிடும். டார்க் ஸ்லைடைத் திரும்பச் செருகும்போது ஒரு மூலையை முதலில் நுழைத்தால், வெல்வெட் அந்த இடத்தில் மட்டும் விரிந்து பக்கத்தில் சந்து விடும். முழு விளிம்பும் ஒன்றாக நுழைய வேண்டும். ஹோல்டரை ஒரு கையால் கேமராவோடு சேர்த்து அழுத்திக்கொண்டுதான் ஸ்லைடை இழுக்க வேண்டும். மரக் கேமராவில் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால், இழுக்கிற இழுப்பில் ஹோல்டரே லேசாக எழும்பிவிடும்.

கடைசியாக, ஹோல்டர்களுக்கு எண் போடாமல் விடாதீர்கள். ஃபிலிமின் ஓரத்தை மூடும் மடிப்பின் விளிம்பில், முதல் ஹோல்டருக்கு ஒன்று, இரண்டாவதற்கு இரண்டு என்று சிறிய அரத்தால் வெட்டு போடுங்கள். நெகட்டிவின் ஓரத்தில் அத்தனை குட்டிக் கறுப்பு முக்கோணங்கள் பதியும். என் மூன்றாம் ஹோல்டரின் கீல் பிய்ந்ததை அப்படித்தான் கண்டுபிடித்தேன். கசிந்த நெகட்டிவ்கள் எல்லாவற்றிலும் மூன்று முக்கோணங்கள் இருந்தன.