சாமான்களோடு வாடகை வீடா? ஏசியை முதலில் போடுங்கள்

கம்பெனி வேலையாக மூன்று நான்கு மாதம் சென்னை ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் தங்கப் போகிறவர்கள் கட்டில், ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம் இருக்கும் ஃபிளாட்டாகத் தேடுவார்கள். போட்டோவில் எல்லாமே பளபளப்பாகத்தான் தெரியும்.

நேரில் போனதும் ஏசியைப் போட்டுவிட்டு மற்ற அறைகளைப் பாருங்கள். கால் மணி நேரம் கழித்தும் அறை குளிரவில்லையென்றால் சர்வீஸ் செய்து தரச் சொல்லுங்கள். மெத்தையின் ஓரத் தையல் மடிப்பை விரித்துப் பாருங்கள். கரும்புள்ளிகள் இருந்தால் அது பெரும்பாலும் மூட்டைப்பூச்சிதான். அந்த வீடே வேண்டாம். நான் ஒருமுறை கூச்சப்பட்டுப் பார்க்காமல் விட்டு, இரண்டு வாரம் தரையில் படுத்தேன்.

குழாய் முனையில் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கிறதா? அப்படியென்றால் வருவது உப்பு அதிகமுள்ள கடின நீர். லாரித் தண்ணீருக்குத் தனிக் காசா, பராமரிப்புக் கட்டணத்திலேயே அடங்குமா என்றும் கேளுங்கள்.

முக்கியமானது ஈபி மீட்டர். இங்கே இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் கணக்கெடுப்பார்கள். சாவி வாங்கும் அன்றே ரீடிங்கைப் படம் எடுக்காவிட்டால், முன்னால் இருந்தவர் ஓட்டிய ஏசிக்கும் நீங்கள்தான் கட்ட வேண்டும்.

அப்புறம், சோஃபாவில் கிழிசல், டிவியில் கீறல், எல்லாவற்றையும் ஒரே வீடியோவாக எடுத்து அன்றைக்கே ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். காலி செய்யும்போது அட்வான்ஸில் கழிக்கப் பார்த்தால் அதைக் காட்டலாம்.