பருத்திப்பால் வண்டி: ஒரு குடம், ஒரே பண்டம்

மதுரையில் கையில் இருக்கிற சின்ன முதலோடு தொடங்கி நிலைத்து நிற்கக்கூடிய தொழில்களில் பருத்திப்பால் வண்டியும் ஒன்று. கடை வாடகை இல்லை, சம்பள ஆள் இல்லை. இரண்டு குணம் மட்டும் கட்டாயம் வேண்டும். ஒன்று, விதை பொறுக்கும் பொறுமை. இன்னொன்று, "கூடவே சுண்டலும் போடலாமே, சூப்பும் வைக்கலாமே" என்று நாலு பேர் சொல்லும்போது மறுக்கிற உறுதி. இரண்டாவது சட்டி ஏறினால் முதல் சட்டியின் அடி பிடிக்கும்.

விதையில்தான் பாதி வேலை. மாட்டுத்தீவனக் கடையில் தீவனத்துக்கென்று விற்கும் பருத்திக்கொட்டையை வாங்குங்கள். விதைப்புக்கு விற்கும் கொட்டையில் பூச்சிமருந்து ஏற்றியிருப்பார்கள், சிவப்போ நீலமோ சாயம் தெரியும். அதைத் தொடவே கூடாது, கழுவினாலும் போகாது. மூட்டைக்குள் கைவிட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பத்துக் கொட்டையை உடைத்துப் பாருங்கள். பருப்பு இளமஞ்சளாக, பொடிப்பொடிக் கரும்புள்ளிகளோடு இருந்தால் நல்ல சரக்கு. பழுப்பேறி, மூக்கருகே கொண்டுபோனால் காறல் வாடை அடித்தால் அந்த மூட்டை வேண்டாம். எவ்வளவு ஏலக்காய் போட்டாலும் அந்தக் காறலை மறைக்க முடியாது.

ஒரு கிலோ கொட்டைக்கு அளவு: பச்சரிசி 250 கிராம், வெல்லம் ஒன்றேகால் கிலோ, தேங்காய் 2, சுக்கு 20 கிராம், ஏலக்காய் 10 கிராம். சித்தரத்தையும் திப்பிலியும் சேர்ப்பதானால் இரண்டும் 5 கிராமுக்குள். கருப்பட்டி போட்டால் மணம் கூடும், செலவும் கூடும். பாதிக்குப் பாதி கலப்பது நல்ல வழி. மளிகைச் சாமானை கீழமாசி வீதியில் வாரத்துக்கு ஒருமுறை மொத்தமாக வாங்கலாம். சுக்கை மட்டும் முழுதாக வாங்கி வீட்டில் இடித்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் இரவே கல், குச்சி பொறுக்கி, உள்ளங்கையால் தேய்த்து நாலைந்து தண்ணீரில் கழுவி ஊறவையுங்கள். 8 முதல் 10 மணி நேரம் போதும். சித்திரை, வைகாசி வெயிலில் இடையில் ஒருமுறை தண்ணீர் மாற்றாவிட்டால் நுரைத்துப் புளிக்கும். மாலை விற்பனைக்கு, காலையில் தண்ணீரை வடித்து ஈரத்துணியில் கொட்டிப் பரப்பி வைத்து, மதியம் ஆட்டுங்கள். அரைத்த பால் அடுப்பேறாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது.

கிரைண்டரில் தண்ணீர் தெளித்துத் தெளித்து ஆட்டி, வெள்ளை வேட்டித் துணியில் பிழியுங்கள். சக்கையை மறுபடி ஆட்டிப் பிழிந்தால் இரண்டாம் பால், மூன்றாம் பால் கிடைக்கும். மூன்றும் சேர்ந்து 6 லிட்டர். பத்து நிமிடம் அசையாமல் வைத்து மேலாக ஊற்றி எடுங்கள். அடியில் தங்கும் கரும்பொடியையும் தும்பையும் கொட்டிவிடுங்கள். குடிக்கிறவர் தொண்டையில் ஒரு தும்பு சிக்கினால் அவர் மறுபடி வரமாட்டார். பிழியும் துணியைத் தினமும் வெந்நீரில் கொதிக்கவைத்து வெயிலில் காயப்போடுங்கள். யாரும் பார்க்காத இந்த வேலையில்தான் உங்கள் அக்கறை தெரியும்.

அடி கனமான பாத்திரத்தில் பாலை ஊற்றி, கை விடாமல் கிண்டுங்கள். பச்சை வாசனை போகும்வரை, கொதி வந்தபின் குறைந்தது 20 நிமிடம். இதில் அவசரம் கூடாது. பருத்திக்கொட்டையில் காசிபால் என்ற இயற்கை நச்சு உண்டு. உடைத்தபோது பார்த்த கரும்புள்ளிகளில்தான் அது இருக்கிறது, நன்றாக வேகும்போது அதன் வீரியம் குறையும். பிறகு ஊறவைத்து அரைத்த பச்சரிசியைக் கட்டியில்லாமல் கரைத்து ஊற்றுங்கள். மாவு வெந்து பளபளப்பு வந்தபின்தான் வடிகட்டிய வெல்லப்பாகு. இனிப்பு முந்தினால் மாவு வேகத் தாமதமாகும், நாக்கில் மாவு ருசி நிற்கும். இறக்கும்போது சுக்கு, ஏலக்காய். தேங்காய்த் துருவலை மட்டும் குடத்தில் கலக்காதீர்கள். சூட்டில் கிடந்தால் சீக்கிரம் கெடும். டம்ளரில் ஊற்றிய பிறகு மேலே தூவிக் கொடுங்கள்.

வண்டியில் குடத்தை நேரடியாகத் தீயில் வைக்காமல், வெந்நீர்ச் சட்டிக்குள் இறக்கி வையுங்கள். நேரம் ஆக ஆகப் பால் இறுகும். கொதிநீர் விட்டு இளக்குங்கள். பச்சைத் தண்ணீர் விட்டால் அன்றைய வியாபாரம் அதோடு முடிந்தது.

150 மில்லி டம்ளரில் ஒரு கிலோவுக்கு 40 டம்ளர் தேறும். டம்ளர் 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 800 ரூபாய். சரக்கும் கேஸும் 350-ஐத் தாண்டினால் விலையையோ அளவையோ திருத்துங்கள், சரக்கின் தரத்தில் கைவைக்காதீர்கள். இரவு பணத்தை எண்ணியதும் மறுநாள் சரக்குக்கான பணத்தை முதலில் தனிப் பையில் போடுங்கள், மிச்சம்தான் வீட்டுக்கு. தண்டல் என்கிற தினவசூல் கடன் வேண்டாம். 8,500 ரூபாயைக் கையில் கொடுத்து, தினம் 100 வீதம் நூறு நாள் வாங்குவார்கள். தினமும் விற்கிற முதல் ஐந்து டம்ளர் பணம் தண்டல்காரருக்குப் போய்விடும். 2014-ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டப்படி மாநகராட்சியில் அடையாள அட்டை கேளுங்கள். அது இருந்தால் 2020-இல் வந்த ஸ்வநிதி திட்டத்தில் வங்கியில் பிணையில்லாக் கடன் கேட்கலாம், ஒழுங்காகக் கட்டினால் வட்டியில் 7 சதவீதம் மானியமும் உண்டு. உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவையும் போட்டுவிடுங்கள்.

இடத்தையும் நேரத்தையும் மாற்றவே மாற்றாதீர்கள். ஐந்தரை மணிக்கு வண்டி நிற்கும் என்று தெரு நம்ப வேண்டும். வயதான ஐயாவுக்கு இனிப்பு மட்டு, பிள்ளைகளுக்கு அரை டம்ளர் என்று முகம் பார்த்து ஊற்றுங்கள். சளிக்கு மருந்து, மூட்டுவலி போகும் என்றெல்லாம் சொல்லி விற்காதீர்கள்.

எட்டரைக்குள் குடம் காலியாகிறதா என்று இரண்டு வாரம் பாருங்கள். தினமும் காலியானால் அரைக் கிலோ கூட்டுங்கள். மிஞ்சினால் பக்கத்து வண்டிக்காரருக்கும் காவலாளிக்கும் சூடாகவே ஊற்றிக் கொடுத்துவிட்டுக் குடத்தைக் கழுவுங்கள். மறுநாள் சூடாக்கி விற்க வேண்டாம். மழை மேகம் கட்டினால் மதியமே முக்கால் கிலோவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.