நடுக்கடலில் கருவி மக்கர் செய்தால்: காரைக்குடியிலேயே பழக வேண்டியவை

பாய்மரப் படகில் நெடுந்தூரம் போக ஆசைப்படும் நம் காரைக்குடி, தேவகோட்டைப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். கடலில் ஏதாவது ஒன்று மக்கர் செய்யத்தான் செய்யும், மெக்கானிக் வரமாட்டார். ரிப்பேர் வேலை கரையிலேயே கைக்குப் பழகிவிட வேண்டும்.

முதலில் வரிசை. எது கெட்டாலும் படகுக்குள் தண்ணீர் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்றது. கடல் தண்ணீர் வந்து போகும் ஒவ்வொரு வால்வு அருகிலும் அந்த அளவுக்கு ஒரு மர ஆப்பைக் கயிற்றில் கட்டி வையுங்கள். ஹோஸ் பிய்ந்தால் அடித்துச் செருகலாம். அடுத்து சுக்கான், பிறகு பாய்மரம். இஞ்சின் கடைசி.

ஆனாலும் அதிகம் படுத்துவது டீசல் இஞ்சின்தான். அலையில் டேங்கின் அடிக்கசடு கலங்கி பில்டரை அடைக்கும். பில்டரை மாற்றினால் லைனில் காற்று புகும். பம்புசெட் வைத்திருப்பவர்கள் "ஏர் பிடிச்சிருச்சு" என்பார்களே, அதேதான்.

1. டீசல் குழாயைத் திறந்து, பில்டர் மேலுள்ள ஏர் ஸ்க்ரூவை ஓரிரு சுற்று தளர்த்துங்கள்.
2. கைப்பம்பின் நெம்பை அடியுங்கள். முதலில் நுரை நுரையாக வரும். குமிழி நின்று டீசல் தெளிவாக வழிந்ததும் ஸ்க்ரூவை இறுக்குங்கள்.
3. இன்ஜெக்‌ஷன் பம்பிலும் அப்படியே.
4. நெடுநேரம் ஸ்டார்ட் அடிக்க நேர்ந்தால் இஞ்சினைக் குளிர்விக்கும் கடல் தண்ணீர் வால்வை மூடிவிடுங்கள். இல்லையென்றால் சைலன்சர் நிரம்பி இஞ்சினுக்குள் தண்ணீர் போய்விடும். இஞ்சின் பிடித்த உடனே திறக்க மறக்காதீர்கள்.

தெரிந்தவர் தோட்டத்து டீசல் பம்புசெட்டில் அனுமதி கேட்டு இதைப் பழகுங்கள். கண்ணை மூடிக்கொண்டும் செய்ய வர வேண்டும், ஏனென்றால் கடலில் இருட்டிலும் ஆட்டத்திலும்தான் செய்வீர்கள்.

சுக்கான் சக்கரத்தின் கேபிள் அறுந்தால் அவசரக் கைப்பிடியை மாட்டலாம். கிளம்பும் முன்பே ஒருமுறை மாட்டி ஓட்டிப் பாருங்கள். பாய்மரத்தைத் தாங்கும் பக்கக் கம்பி அறுந்தால், காற்று மறுபக்கம் படும்படி படகை உடனே திருப்பிப் பாயைக் குறையுங்கள். பாரம் நல்ல கம்பிக்கு மாறும்.

உதிரிபாகம் தீர்ந்தால் படகே உதிரிபாகம். பாய்மரப் படகில் தனி ஆளாக உலகைச் சுற்றும் 2022-23 கோல்டன் குளோப் பந்தயத்தில் இரண்டாமிடம் பெற்ற நம் நாட்டு மாலுமி அபிலாஷ் டோமி, தானே சுக்கான் பிடிக்கும் காற்றுக்கருவி உடைந்தபோது கழிப்பறைக் கதவை அறுத்துப் பலகை செய்துகொண்டார். எனக்கு இதைவிடப் பெரிய பாடம் வேறில்லை.

உயிருக்கு ஆபத்தென்றால் மட்டும் செயற்கைக்கோள் வழியாக மீட்புக் குழுவுக்குச் சிக்னல் அனுப்பும் 406 மெகாஹெர்ட்ஸ் அவசரக் கருவியை இயக்குங்கள். அதைப் பதிவு செய்து, பேட்டரி காலாவதித் தேதியைப் பார்த்த பிறகே கிளம்புங்கள். கரையோரம் செல்போன் எடுக்கும் தூரத்தில் இருந்தால் கடலோரக் காவல்படைக்கு 1554.