மலையில் பூம் லிஃப்ட் நிறுத்தும் முன் தரையைப் பாருங்கள்

குன்னூர், கோத்தகிரி பக்கம் லிஃப்ட் வாடகைக்கு எடுத்து வேலை செய்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். டீ ஃபேக்டரி கூரைத் தகடு மாற்ற, சில்வர் ஓக் கிளை கழிக்க, தெருவிளக்கு மாட்ட என்று இப்போது எல்லாவற்றுக்கும் பூம் லிஃப்ட், அதாவது ஆள் நிற்கும் கூடையை பூம் என்ற நீளும் கையால் உயரத் தூக்கும் வண்டி, வருகிறது; ஏணியில் தொங்குவதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் வண்டியோடு வரும் ஆபரேட்டர் பல நேரம் சமவெளியில் சிமென்ட் தரையில் பழகியவர். இங்கே சமமாகத் தெரியும் இடம்கூடப் பாதி வெட்டியது, பாதி மண் கொட்டி நிரப்பியது.

வெட்டிய பக்கம் இறுகி இருக்கும். நிரப்பிய பக்கம், அதாவது தடுப்புச் சுவரை ஒட்டிய ஓரம், மழை இறங்கினால் இளகிவிடும்; குன்னூர், கோத்தகிரியில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, கூடலூர் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை இதை மறக்கவே கூடாது. கூடையை ஒரு பக்கமாக நீட்டினால் வண்டியின் எடையில் பெரும்பங்கு அந்தப் பக்கத்து ஜாக்கி (வண்டி சாயாமல் தரையில் ஊன்றும் கால்) மேல்தான் போய் உட்காரும். ஒரு முறை கோத்தகிரியில் எங்கள் வண்டியின் ஜாக்கி, புல் மூடிக் கிடந்த சாக்கடை சிலாப் மேல் இறங்கியது. டக்கென்று ஒரு சத்தம், சிலாப் இரண்டாகப் பிளந்து வண்டி சாய்ந்து நின்றது. ஆள் ஏறுவதற்கு முன்பு நடந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து ஜாக்கி இறங்கும் ஒவ்வொரு இடத்தையும் கடப்பாரையால் குத்திப் பார்க்காமல் நான் வேலை தொடங்க விடுவதில்லை.

அடியில் வைக்கும் பலகை ஜாக்கியின் பாதத்தைவிட நன்றாக அகலமாக இருக்கட்டும். பலகையை ஒட்டி ஒரு குச்சியை அடித்து, பலகையின் மேல் விளிம்புக்குச் சமமாக அதில் கோடு போடுங்கள். வேலை நடக்கும்போது கீழே நிற்பவர் அந்தக் கோட்டையே பார்க்க வேண்டும். பலகை கோட்டுக்குக் கீழே போய்விட்டால் மண் உள்வாங்குகிறது என்று அர்த்தம், உடனே கூடையை இறக்கச் சொல்லுங்கள்.

ஜாக்கி இல்லாமல் சக்கரத்திலேயே நிற்கும் பூம் லிஃப்டில் சாய்வு அலாரம் அடித்தால் அதை ஆஃப் செய்யும் வழியைத் தேடாதீர்கள். கூடை மேட்டுப் பக்கம் இருந்தால் முதலில் பூமை இறக்கி, பிறகு உள்ளே இழுக்க வேண்டும். பள்ளத்துப் பக்கம் இருந்தால் முதலில் உள்ளே இழுத்து, பிறகு இறக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் வண்டியே கவிழலாம், அதனால் உங்கள் வண்டியின் கையேட்டில் இருப்பதை ஏறும் முன்பே ஆபரேட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

காற்று விஷயம். வெளியில் வேலை செய்யும் பெரும்பாலான லிஃப்டுகளுக்கு வரம்பு விநாடிக்கு 12.5 மீட்டர், அதாவது மணிக்கு 45 கிலோமீட்டர். சில்வர் ஓக்கின் பெரிய கிளைகள் ஆடத் தொடங்கிவிட்டால் அந்த வரம்பை நெருங்கிவிட்டோம் என்று வைத்துக்கொள்ளலாம். கையில் கூரைத் தகடு இருந்தால் அது பாய்மரம் மாதிரி காற்றை வாங்கும், அதற்கு முன்பே நிறுத்துங்கள். சில சிசர் லிஃப்டுகள் (கத்தரி மாதிரி விரிந்து நேராக மேலே தூக்குபவை) கட்டடத்துக்குள் மட்டும் பயன்படுத்த வேண்டியவை, வண்டியில் இருக்கும் விவரப் பிளேட்டைப் படித்துப் பாருங்கள்.

மூடுபனி இறங்கி, கீழே நிற்பவருக்குக் கூடை தெரியவில்லை என்றால் வேலை முடிந்தது, இறங்கிவிடுங்கள். பனியில் கரண்ட் கம்பியும் தெரியாது. சாதாரண பூம் லிஃப்ட் மின்காப்பு உள்ளது இல்லை, ஈரக் கிளையும் ஷாக் அடிக்கும். 11 கிலோவோல்ட் லைன் பக்கம் என்றால் 3 மீட்டருக்குள் போகவே வேண்டாம். அதைவிடக் கிட்டப் போக வேண்டிய வேலை என்றால் மின்வாரியத்தில் சொல்லி லைனை ஆஃப் செய்த பிறகுதான், அதுவும் எழுத்தில். "ஆஃப் பண்ணியாச்சு அண்ணா" என்று போனில் வரும் பேச்சு போதாது. ஒருவேளை வண்டி கரண்ட் கம்பியில் பட்டுவிட்டால் கீழே இருப்பவர் வண்டியைத் தொடக் கூடாது.

பெல்ட்டை, முழு உடல் ஹார்னஸைச் சொல்கிறேன், கூடைக்குள் அதற்கென இருக்கும் கொக்கியில்தான் மாட்ட வேண்டும், பக்கத்து மரத்திலோ கூரைக் கம்பியிலோ இல்லை. கயிறு நீளம் குறைவாக இருக்கட்டும். சக்கரம் குழியில் இறங்கினால் கூடை கவண் மாதிரி ஆளை வெளியே எறியும், நீளக் கயிறு அதைத் தடுக்காது.

அப்புறம், கீழே நிற்பவருக்கு அவசர இறக்கும் லீவர் எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள். காட்டினால் மட்டும் போதாது. காலையில் முதல் முறை கூடையை ஆள் இல்லாமல் இரண்டு மீட்டர் தூக்கி, இன்ஜினை அணைத்துவிட்டு, அவரே தன் கையால் இறக்கிக் காட்டட்டும்.