அவுட்போர்டு படகுக்குத் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர்: பார்த்து வாங்குவது எப்படி?

பழையாறு முதல் கோடியக்கரை வரை பெட்ரோல் அவுட்போர்டு, அதாவது படகின் பின்பக்கம் வெளியே மாட்டும் என்ஜின், ஓட்டுகிற யாரைக் கேட்டாலும் இந்தக் கோளாறைச் சொல்வார்கள். கரையில் ஒரே இழுப்பில் கிளம்பிய என்ஜின், முகத்துவாரத்தில் படகு குதிக்க ஆரம்பித்ததும் இருமி இருமி நின்றுவிடும். உடனே ஸ்பார்க் பிளக்கைத் திட்டுவோம். டேங்கின் அடியில் சத்தமில்லாமல் கிடந்த தண்ணீர், அலையில் குலுங்கி ஓஸுக்குள் ஏறியிருக்கும் என்பது பிறகுதான் தெரியவரும்.

முதலில் டேங்கைப் பாருங்கள்

ஃபில்டர் வாங்கும் முன், டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கைப்பம்பால் எடுத்து ஒரு கண்ணாடி பாட்டிலில் ஊற்றுங்கள். வாயால் உறிஞ்ச வேண்டாம், பக்கத்தில் பீடியும் வேண்டாம். கால் மணி நேரம் ஆடாமல் வைத்துவிட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், தண்ணீர் இருந்தால் அடியில் தனிப் படலமாகத் தெரியும். பெட்ரோல் தண்ணீரைவிட லேசானது, அதனால் எப்போதும் மேலே மிதக்கும்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. இப்போது பங்கில் பிடிக்கும் பெட்ரோல் பெரும்பாலும் ஈ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் தண்ணீரை இழுத்துத் தன்னோடு கரைத்துக்கொள்ளும். கரைந்த தண்ணீரை எந்த ஃபில்டராலும் பிரிக்க முடியாது. அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கிவிடும், மேலே நிற்கும் பெட்ரோலின் ஆக்டேனும், அதாவது என்ஜினில் தட்டாமல் எரியும் தரமும், குறைந்துபோகும். பாட்டிலில் அப்படி இரண்டு அடுக்காகப் பிரிந்து நின்றால் அந்த எரிபொருளை என்ஜினுக்குக் கொடுக்காதீர்கள். ஃபில்டர் மாட்டி ஓட்டிவிடலாம் என்று நினைப்பது வீண் ஆசை. ஐப்பசி, கார்த்திகை மழையில் படகைக் கரையேற்றி வைக்கும்போது டேங்க் மூடியின் காற்றுத் திருகை இறுக்கி மூடுங்கள். பழைய பெட்ரோலை மாதக்கணக்கில் உள்ளே போட்டு வைக்காதீர்கள். மண்ணெண்ணெயில் எத்தனால் கிடையாது, அதில் ஓடும் என்ஜின்களுக்கு இந்தத் தலைவலியும் இல்லை.

கடையில் என்ன கேட்பது?

நாகை பக்கம் விசைப்படகுகள் எல்லாம் டீசல். "வாட்டர் செபரேட்டர்" என்று மட்டும் சொன்னால் டீசல் ஃபில்டரை எடுத்து நீட்டக்கூடும். பெட்ரோல் அவுட்போர்டுக்கு ஏற்றது என்று டப்பாவிலேயே எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது மைக்ரான், அதாவது ஃபில்டர் எவ்வளவு சின்னத் தூசி வரை பிடிக்கும் என்ற அளவு. 10 மைக்ரான் போதும், அதுதான் சரியும்கூட. டீசலில் வரும் 2 மைக்ரான் ஃபில்டரைப் பெட்ரோலுக்குப் போட்டால் சீக்கிரம் அடைத்து என்ஜினைப் பட்டினி போடும். ஃபில்டர் வழியே மணிக்கு எவ்வளவு பெட்ரோல் போகும் என்பதைப் பற்றிப் பெரிதாகக் கவலை வேண்டாம். 10 குதிரைசக்தி ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜின் முழு வேகத்திலும் மணிக்குச் சுமார் 4 லிட்டர்தான் குடிக்கும், சின்ன ஃபில்டரே தாராளம்.

அடியில் கண்ணாடி போன்ற கிண்ணமும் வடிகால் திருகும் இருக்கிற மாடலுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் தப்பில்லை என்பது என் கட்சி. தண்ணீர் சேர்வது கண்ணுக்குத் தெரியும், கழற்றாமலே வடித்துவிடலாம். என்ஜின் மூடிய அறைக்குள் இருக்கும் படகுகளுக்கு மட்டும் பிளாஸ்டிக் கிண்ணம் வேண்டாம். தீப்பிடித்தால் முதலில் உருகுவது அதுதான்.

ஃபில்டரின் வாய் அளவும் உங்கள் ஓஸின் உள்ளளவும் பொருந்த வேண்டும். ஓஸைக் கையோடு எடுத்துப் போங்கள், ஞாபகத்தை நம்ப வேண்டாம். எத்தனால் தாங்காத பழைய கறுப்பு ஓஸ் என்றால் அதையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.

மாட்டும் முறை

டேங்க், ஃபில்டர், கையால் அமுக்கும் ரப்பர் பந்து, என்ஜின். இதுதான் வரிசை. பந்தின் மேலுள்ள அம்பு என்ஜினைப் பார்த்திருக்க வேண்டும். ஃபில்டர் செங்குத்தாக, பேட்டரியிலிருந்து தள்ளி, உப்புத் தண்ணீர் நேராக அடிக்காத இடத்தில் நிற்கட்டும். கழற்ற அடியில் கை நுழையும் இடம் விடுங்கள். உள்ளே வரும் வாயையும் வெளியே போகும் வாயையும் மாற்றிவிட்டால் வடிகட்டுதல் கெட்டுவிடும், அதனால் ஃபில்டரின் தலையில் உள்ள குறியைப் பார்த்து மாட்டுங்கள்.

குழாய் மரைக்கு வெள்ளை டேப் சுற்றாதீர்கள். பிய்ந்த இழை ஒன்று போய் கார்புரேட்டரில் உட்கார்ந்துவிடும். பெட்ரோல் தாங்கும் பசை போடுங்கள். புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் என்ஜின் ஆயிலைத் தடவி, கையால் திருகி, வளையம் தொட்டபின் அரை முதல் முக்கால் சுற்று. ஸ்பானர் தேவையில்லை. கிளிப் எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான். கடைசியில் பந்தைக் கெட்டியாகும் வரை அமுக்கி, எல்லா மூட்டுகளையும் காய்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள், துணி நனைந்தால் கசிவு.

பிறகு

100 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை அல்லது வருடத்துக்கு ஒருமுறை, எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றுங்கள். இரும்பு டப்பா ஃபில்டர் நம் உப்புக்காற்றில் வெளியிலிருந்தே துருப்பிடிக்கும். விரலால் சுரண்டினால் உதிர்கிறது என்றால் கெடுவைப் பார்க்காமல் மாற்றுங்கள். வடித்த அழுக்கு பெட்ரோலை ஆற்றிலோ கழிமுகத்திலோ கொட்டாமல் மூடியுள்ள கேனில் சேர்த்து மெக்கானிக்கிடம் கொடுங்கள். ஒரு உபரி ஃபில்டரை பிளாஸ்டிக் பையில் கட்டி, அதைக் கழற்றும் பட்டை ஸ்பானரோடு படகிலேயே வைத்திருங்கள்.