காபரேற்றர் வழியுதோ, முதல்ல ஒயில் மட்டம் பாக்கிற கம்பியை இழுத்துப் பாருங்கோ

போன கிழமை யாழ்ப்பாணம் கோண்டாவில்ல ஒரு பெடியன் தன்ர பழைய மொறிஸ் மைனர் காரோட மல்லுக்கட்டிக்கொண்டு நிண்டான். பெற்றோலைக் காத்தோட கலந்து எஞ்சினுக்குக் குடுக்கிற காபரேற்றர் வழிஞ்சு கீழ எக்ஸோஸ்ற் பக்கமாப் பெற்றோல் சொட்டுது, அவன் ஸ்ராட்டரை விடாமல் இழுக்கிறான். எனக்கு நெஞ்சு பதறிப்போச்சு. நானும் ஒரு காலத்தில அப்பிடி இழுத்தவன்தான். பில்ட்டரை மாத்து, ஊத்தையைக் கழுவு எண்டதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதை விடுவம். காபரேற்றர் வழியேக்க நாங்கள் விடுற பிழையளை மட்டும் கீழ ஒவ்வொண்டாச் சொல்லுறன்.

பெற்றோல் பம் சத்தத்தைக் கேக்காமல் காபரேற்றரைக் கழட்டுறது

எஸ்யூ எண்ட கொம்பனியின்ர எலக்ரிக் பம் உள்ள கார் எண்டா சாவியை மட்டும் திருப்பிப்போட்டுக் காது குடுத்துக் கேளுங்கோ. டிக் டிக் எண்டு அடிச்சு, காபரேற்றர்ல பெற்றோல் நிக்கிற மிதவைக் கிண்ணம் நிறைஞ்சதும் நிக்கவேணும். நிக்காமல் அடிச்சு வழியுதெண்டா, கிண்ணத்துக்குப் பெற்றோல் வாற வழியை அடைக்கிற நீடில் வால்வ் மூடேல்ல. பம் நிண்டிட்டுது, வழியவுமில்லை, ஆனா பிளக் கறுத்து ஈரமா இருக்கெண்டா, சோக் கேபிள் (குளிர் எஞ்சினை ஸ்ராட் பண்ணப் பெற்றோலைக் கூட்டுறது) இறுகி, பெற்றோல் வாற ஜெற் கீழ இறங்கினபடியே நிக்குதோ எண்டு பாருங்கோ. அதுக்கு மிதவையைத் தொடத் தேவையில்லை. புதுசா வேற பம் போட்டிருந்தா அமுக்கத்தையும் பாருங்கோ, 3 பிஎஸ்ஐக்கு மேல போனா நல்ல நீடிலையும் தள்ளிக்கொண்டு வரும்.

நீடிலை எமரிப் பேப்பரால தேய்க்கிறது

வேண்டாம். நீடிலையும் அது போய்ப் பொருந்துற சீற்றையும் சோடியா மாத்துங்கோ.

ஓட்டை மிதவைக்கு ஈயம் பத்திறது

பித்தளை மிதவையைக் காதுக்குக் கிட்ட ஆட்டினா உள்ள பெற்றோல் சளசளக்கும். அந்தப் பெற்றோலோட சூடு காட்டினா வெடிக்கும். வடிச்சுப்போட்டுப் பத்தினாலும் ஈயத்தால பாரம் கூடி மட்டம் ஏறி, திரும்பவும் வழியும்.

திருத்திப்போட்டு பழைய ஒயிலோட ஓடுறது

இதை நினைச்சா எனக்கு இண்டைக்கும் வயிறெரியும். வழிஞ்ச பெற்றோல் முழுக்க வெளியில போறேல்ல, எரியாத மிச்சம் சிலிண்டர் சுவரில இருக்கிற ஒயிலைக் கழுவிக்கொண்டு பிஸ்டன் றிங்குக்குள்ளால இறங்கி அடியில ஒயிலோட கலக்குது. ஒயில் தண்ணியாப் போனா பேரிங்குக்கு என்ன காவல்?

எங்கட ஐயாவுக்கு இது நல்லாத் தெரியும். 90களில யாழ்ப்பாணத்தில பெற்றோல் தடை, அவர் கொஞ்சப் பெற்றோல்ல ஸ்ராட் பண்ணி எஞ்சின் சூடானாப்பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்தி ஹயர் ஓடினவர். மண்ணெண்ணெய் லேசில ஆவியாகாது, அதால ஒயில் இன்னும் கெதியாக் கெட்டுப்போகும். ஒவ்வொரு நாளும் விடிய ஒயில் கம்பியை இழுத்து, ரெண்டு விரலுக்கு நடுவில தேச்சு, மணந்து பாத்துத்தான் வெளிக்கிடுவார். நான் பக்கத்தில நிண்டு பாத்தனான், பாத்தும் படிக்கேல்ல.

2003ல என்ர கார் ஒரு கிழமையா வழிஞ்சுகொண்டிருந்தது. புது நீடில் போட்டன், எஞ்சின் பூப்போல நிண்டு ஓடிச்சு, அந்தச் சந்தோசத்தில அடுத்தநாளே கொடிகாமம் வெளிக்கிட்டிட்டன். கைதடி தாண்டேக்க கீழயிருந்து டொக் டொக் எண்டு ஒரு சத்தம், சாவகச்சேரி வரேக்க ஒயில் லைற் எரியுது. பிஸ்டன் தண்டைக் கிறாங்க் எண்ட சுழல் தண்டோட பூட்டுற இடத்துப் பிக் எண்ட் பேரிங் போட்டுது, கிறாங்கில நகம் மாட்டுற அளவுக்குக் கீறல். எஞ்சினை இறக்கி, கிறாங்கைக் கடைஞ்சு, பேரிங் தேடி அலைஞ்சு மூண்டு மாசம். ஒயில் மாத்தியிருந்தா நாலு லீற்றருக்குள்ள முடிஞ்சிருக்கும்.

அதால, வழிஞ்ச காரெண்டா முதல்ல கம்பியை இழுங்கோ. நீங்கள் ஒயில் விடாமலே மட்டம் கோட்டுக்கு மேல ஏறியிருந்தா, பெற்றோல் மணந்தா, ஸ்ராட்டரைத் தொடாதேங்கோ. ஒயிலையும் பில்ட்டரையும் மாத்துங்கோ, பிளக்கைக் கழட்டிக் காய விடுங்கோ.

எக்ஸோஸ்ற் சூடா இருக்கேக்க கிண்ணத்தைத் திறக்கிறது

காபரேற்றருக்கு நேர கீழதான் எக்ஸோஸ்ற். ஆற விடுங்கோ.

அந்தப் பெடியனிட்டையும் கம்பியை இழுக்கச் சொன்னன். "அண்ணை, நான் ஒயிலே விடேல்லையே, எப்பிடி ஏறினது?" எண்டு கேட்டான். எஞ்சினுக்கு அடியில ஒயில் வடிக்கிற நட்டைக் கழட்டினம், தேத்தண்ணி ஊத்தின மாதிரிச் சளசளவெண்டு வந்திது, நாலு லீற்றர் கான் நிறைஞ்சும் நிக்கேல்ல.