ஜெப அட்டையை முதலில் தூக்கிப் போடுங்கள்: மறைக்கல்விக்குப் புதிதாக வருபவர்கள் தவிர்க்க வேண்டியவை

ரங்கூனில் ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போதே எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பும் சூடுபிடிக்கும். உறுதிபூசுதல் என்ற திருச்சடங்கு முடிந்த கையோடு நாலைந்து பிள்ளைகள், "டீச்சர், நாங்களும் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம்" என்று வந்து நிற்பார்கள். நல்ல பிள்ளைகள். ஆனால் ஒரு மாதம் போவதற்குள், நாங்கள் அந்த வயதில் அடித்த அதே கூத்தை வரிசை மாறாமல் அடிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். நேரத்துக்கு வாருங்கள், பாடத்தைப் படித்துவிட்டு வாருங்கள் என்பதையெல்லாம் நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? அதை விடுங்கள்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 1965-ல் பர்மா அரசு மிஷன் பள்ளிகளை எடுத்துக்கொண்டது. அடுத்த வருடமே வெளிநாட்டுக் குருக்களும் கன்னியரும் பலர் மூட்டை கட்ட வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு நம் பிள்ளைகள் வேதம் கற்ற இடம் இரண்டுதான்: பூசைக்குப் பிறகு கிடைக்கும் அந்த ஒரு மணி நேரம், அப்புறம் வீடு. அதில் வீட்டோடு உள்ள உறவைக் கெடுத்துக்கொண்டால் கையில் மிஞ்சுவது வாரத்துக்கு ஒரு மணி நேரம்தான்.

டிக் அடிக்கும் அட்டை

அக்டோபர் ஜெபமாலை மாதம். 31 கட்டம் போட்ட அட்டை ஒன்றை அச்சடித்துப் பிள்ளைகளிடம் கொடுப்பார்கள். வீட்டில் 53 மணி ஜெபம் சொன்ன நாளுக்கு ஒரு டிக், கீழே அப்பா அல்லது அம்மா கையெழுத்து. மாதக் கடைசியில் அதிக டிக் வாங்கிய பிள்ளைக்குப் பரிசு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவர் புதிதாகக் கண்டுபிடித்ததைப் போல இதைத் தூக்கிக்கொண்டு வருகிறார். ஒவ்வொரு வருடமும் எனக்கு எரிச்சல் வருகிறது.

லூர்து மாதா சுரூபத்தைப் பரிசாக வாங்கிய சிறுமி ஒருத்தி, பத்து வயது இருக்கும், வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்தாள். "டீச்சர், அம்மா 31-ம் தேதி ராத்திரிதான் எல்லாக் கட்டத்தையும் ஒண்ணா போட்டாங்க. ஒரே கலர்ல இருந்தா தெரிஞ்சிடும்னு நான் பாதியை நீல பேனாவுல போட்டேன். இதை நான் பாவசங்கீர்த்தனத்துல சொல்லணுமா, அம்மா சொல்லணுமா?"

என்னைக் கேட்டால் அட்டை அடித்தவர்தான் வரிசையில் முதல் ஆளாக நிற்க வேண்டும்.

அந்த அம்மா பொய்க்காரி இல்லை. தையல் கடையில் வேலை. வீடு வந்து சேரும்போது ஏழு மணி ஆகிவிடும். எங்கள் ஊரில் கரண்ட் முறை வைத்து வருகிறது. முறை ஏழு மணிக்கு விழுந்தால், தெருவே "மீ லா பி!" (கரண்ட் வந்தாச்சு!) என்று ஒரே குரலாகக் கத்தும். உடனே மோட்டார் போட்டுத் தொட்டியில் தண்ணீர் ஏற்ற வேண்டும், அரிசியைக் குக்கரில் வைக்க வேண்டும், பிள்ளையின் பள்ளிக்கூடப் பச்சை லோன்ஜியை (லுங்கியை) இஸ்திரி போட வேண்டும், போன்களையும் பேட்டரியையும் சார்ஜில் போட வேண்டும். நம் புது ஆசிரியர் எழுதிக் கொடுத்த தாளிலோ "மாலை 7 மணி: குடும்ப ஜெபம்" என்று இருக்கிறது! அந்த நேரத்தில் முழங்காலில் நிற்கும் குடும்பத்துக்கு மறுநாள் குளிக்கத் தண்ணீர் இருக்காது.

இதன் தம்பிதான் வீடு சந்திப்பு. நகரத்துக்குள் பழைய கட்டடங்களில் பால்கனியிலிருந்து தெரு வரைக்கும் ஒரு கயிறு தொங்கும், மேலே மணி. கீழே நின்று கயிற்றை இழுத்தால் மேலே யாராவது எட்டிப் பார்ப்பார்கள். வந்திருப்பது வேதியர், அதாவது மறைக்கல்வி சொல்லிக் கொடுப்பவர், என்று தெரிந்துவிடும். நாம் ஆறு மாடி ஏறி, மூச்சு வாங்கிப் போய்ச் சேர்வதற்குள் டிவி அணைந்திருக்கும், மாதா முன்னால் மெழுகுவர்த்தி எரியும், பையன் சட்டை மாட்டியிருப்பான். உட்கார்ந்ததும் நம் ஆள் கேட்கும் முதல் கேள்வி: "தினமும் ஜெபமாலை சொல்றீங்களா?" அப்பா, "சொல்றோம், சொல்றோம்" என்பார். பையன் அப்பாவின் முகத்தைப் பார்ப்பான். அன்றைக்கு அவன் கற்றுக்கொண்டது அவ்வளவுதான்: சாமி விஷயம் என்றால் ஆளுக்கு ஏற்றபடி பேச வேண்டும்.

1964-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் குடும்பத்தைக் குடும்பத் திருச்சபை என்றது. பெற்றோர்தான் பிள்ளைகளுக்கு முதல் போதகர்கள், சொல்லாலும் நடத்தையாலும், என்றும் சொன்னது. நாம் அந்த முதல் போதகரைத்தான் கள்ளக் கையெழுத்துப் போட வைக்கிறோம்.

சரி, என்ன செய்யலாம்? கேள்வியை மாற்றுங்கள். "இந்த வாரம் வீட்ல என்ன விசேஷம்?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். மலேசியாவுக்கு வேலைக்குப் போன மகன் பத்து நாளாகப் பேசவில்லை என்பார்கள், வீட்டுக்காரர் வாடகையைக் கூட்டிவிட்டார் என்பார்கள். அதை வைத்தே அங்கேயே இரண்டு வரி ஜெபியுங்கள். பெரும்பாலும் அம்மாவே மூன்றாவது வரியைச் சேர்ப்பார். தொட்டி நிரம்பும் வரை காத்திருக்கத்தானே வேண்டும்? அதற்குள் ஜெபமாலையில் ஒரு பத்து மணி ஜெபம் சொல்லி முடித்துவிடலாம், நாலு நிமிடம்கூட ஆகாது. கரண்ட் போன பிறகு எல்லோரும் இருட்டில் ஓர் இடத்தில் உட்கார்ந்திருப்பார்களே, அதுதான் இந்த ஊரில் குடும்பம் பேசுகிற நேரம். நாளின் முடிவில் அந்த நாளைத் திரும்பிப் பார்க்கும் பழக்கத்தை இயேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியார் 16-ம் நூற்றாண்டிலேயே தம் சபையினருக்கு வைத்தார். பிள்ளைகளுக்கு அதைச் சுருக்கி இரண்டே கேள்வியாகக் கொடுங்கள்: இன்றைக்கு எதற்கு நன்றி? யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்? கொசு வலைக்குள் படுத்துக்கொண்டே சொல்லலாம். சொன்னார்களா என்று அடுத்த ஞாயிறு விசாரிக்காதீர்கள். அதற்கு ஓர் அட்டை அடிக்கவே அடிக்காதீர்கள்.

பாட்டியைத் திருத்துவது

"பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே" என்று அவர் பழைய ஜெபம் சொன்னால் சொல்லட்டும். பேரப் பிள்ளைகள் முன்னால் திருத்தாதீர்கள்.

"அது பாவமா, டீச்சர்?"

நம் பிள்ளைகளின் பள்ளித் தோழர்கள் பெரும்பாலும் புத்த மதத்தினர், சொந்தக்காரர்களில் பாதிப் பேர் இந்துக்கள். ஆகவே இந்தக் கேள்வி எல்லா வகுப்பிலும் வரும். 2022-ல் பெரிய வெள்ளி ஏப்ரல் 15, பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவான திஞ்சானுக்கு நடுவில் விழுந்தது. தண்ணீர் விளையாடப் போகலாமா என்று கேட்ட பையனுக்குப் புது ஆசிரியர் ஒருவர் நரகத்தைக் காட்டிப் பதில் சொன்னார். பையன் போய் விளையாடினான், அடுத்த ஞாயிறு வகுப்புக்குத்தான் வரவில்லை. பெரிய வெள்ளி நமக்கு என்ன நாள் என்று சொல்லி, "அன்றைக்கு மட்டும் பிற்பகல் சிலுவைப்பாதைக்கு வா, மற்ற நாள் நனைந்துகொள்" என்றிருந்தால் போதும்.

நண்பன் இளம் துறவியாகும் ஷின்பியூ விழாவுக்குப் போய் மரியாதையாக உட்கார்ந்து மொஹிங்கா (மீன் குழம்பு நூடுல்ஸ்) சாப்பிட்டுவிட்டு வருவதில் என்ன தப்பு? பிற சமயங்களில் உண்மையும் புனிதமுமான எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்று 1965-லேயே சங்கம் சொல்லியாயிற்று, புத்த சமயத்தின் பெயரையும் குறிப்பிட்டே. சித்தப்பா வீட்டுப் பிரசாதம் பற்றிக் கேட்கும் பெரிய பிள்ளைகளுக்கு, பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 8-ம் அதிகாரத்தை எடுத்துக் கொடுங்கள். படைத்த உணவு பற்றி அங்கேயும் இதே சண்டைதான். பதிலை நீங்கள் சொல்லாமல் அவர்களையே வாதாட விடுங்கள். நான் பார்த்த சுவையான வகுப்புகள் எல்லாம் அப்படி நடந்தவைதான்.

நிலநடுக்கத்துக்குக் காரணம் சொல்வது

2025 மார்ச் 28-க்குப் பிறகு, கடவுள் ஏன் இப்படிச் செய்தார் என்று கேட்ட பிள்ளைக்கு இரண்டு நிமிடத்தில் பதில் வைத்திருந்தவர்கள் தயவுசெய்து வகுப்பு எடுக்க வேண்டாம்.

எல்லாப் புனிதரையும் கடல் தாண்டித் தேடுவது

கார்லோ அகுதிஸ் 2025 செப்டம்பரில் புனிதரானார். கம்ப்யூட்டர் தெரிந்த பையன், பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது. சொல்லுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இந்த நாட்டின் முதல் அருளாளர் (புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி) யார் என்று கேட்டால் சொல்லிக் கொடுப்பவர்களே விழிக்கிறார்கள். இசிதோர் ஙெய் கோ லாட். நம்மைப் போல ஒரு வேதியர்! குருமடத்துக்குப் போனார், ஆஸ்துமா படுத்தியதால் திரும்பி வந்தார், கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். 1950 மே 24-ல் இத்தாலியக் குரு மாரியோ வெர்கராவோடு சேர்த்துக் கொன்று, இருவர் உடலையும் சால்வீன் ஆற்றில் போட்டார்கள். 2014-ல் அதே தேதியில் இருவரும் அருளாளர்கள் ஆனார்கள். மூச்சிரைப்பால் விளையாட முடியாமல் ஓரமாக உட்கார்ந்திருக்கும் பிள்ளை உங்கள் வகுப்பில் இருந்தால் இந்தக் கதையை அவனைப் பார்த்துச் சொல்லுங்கள்.

மொழி

பிள்ளைக்குப் பர்மியம்தான் வருகிறதென்றால் பர்மியத்தில் ஜெபிக்கட்டும். தமிழுக்குத் தனி வகுப்பு வையுங்கள்.

ஜெபிக்கும்போது போட்டோ

வேண்டாம்.

தேர்வு வருடப் பிள்ளைகளை விரட்டுவது

பள்ளி இறுதித் தேர்வு மார்ச்சில் வரும். அந்த வருடம் ஞாயிற்றுக்கிழமையும் டியூஷன். பிள்ளை வகுப்புக்கு வரவில்லை என்று அம்மாவிடம் புகார் செய்வதால் அவன் வரப்போவதில்லை, டியூஷன் பீஸ் கட்டிய அம்மாவும் உங்கள் பக்கம் பேசமாட்டார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை டியூஷன் விடும் நேரத்தில் வாசல் டீக்கடைக்குப் போங்கள். ஒரு டீ வாங்கிக் கொடுங்கள், எந்தப் பாடம் கஷ்டம் என்று கேளுங்கள். அந்தப் பாடத்துக்காக அங்கேயே ஒரு 'அருள்நிறைந்த மரியே' ஜெபம் சொல்ல அவனுக்கு வெட்கமாக இருந்தால் நீங்கள் வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள், சொன்னதாகச் செய்தி அனுப்புங்கள். தேர்வு முடிந்து ஏப்ரலில் வரும்போது "இத்தனை நாள் எங்கே போனாய்?" என்று கேட்காதீர்கள். சின்ன வகுப்புக்கு எப்போதும் ஆள் பற்றாக்குறைதான், அவனை அங்கே அனுப்புங்கள்.